படியை வைத்துக்கொண்டு கட்டையைத் திருப்பிவிட்டார்கள்

அண்ணே,

இன்று காலை சின்னையா ஒரு சாக்குப் பையைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தார். அதைத் திறப்பதற்கு முன்பே வாடை வந்துவிட்டது. கப்பலில் நனைந்து, ரயில் பெட்டிக்குள் புழுங்கி, பண்டாரவளையிலிருந்து மாட்டு வண்டியில் மறுபடி நனைந்து வந்த ரங்கூன் அரிசியின் வாடை. இப்போது ரயிலே பதுளைக்கு வந்துவிட்டது. அதைப் பார்க்க நீங்கள் இல்லை. ஆனாலும் அந்தச் சாக்கு இன்னும் பழைய வாடையோடுதான் இருக்கிறது.

உள்ளே இருந்தது கட்டை. அளக்கும்போது படியின் வாயில் வைத்து ஓர் இழுப்பு இழுத்தால், மேலே குவிந்து நிற்கும் அரிசி சரிந்து விழுமே, அந்தக் கருங்காலிக் கட்டை. நடுப்பகுதி தேய்ந்து கொஞ்சம் குழிந்திருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை சங்கத்தார் வாசகசாலையில் உங்கள் படத்தைத் திறந்துவைத்தார்கள். படத்துக்குக் கீழே கண்ணாடிப் பெட்டியில் வைக்க வேண்டும் என்று கடையிலிருந்து பித்தளைப் படியைக் கேட்டிருந்தார்கள். உங்கள் கடையில் முப்பது வருடம் அரிசி அளந்த சின்னையாவுக்குப் படி என்றால் கட்டையும் சேர்ந்ததுதான். இரண்டையும் கொடுத்தனுப்பியிருக்கிறார். படியை வைத்துக்கொண்டு கட்டையைத் திருப்பிவிட்டார்கள்.

"இது வேணாமாம் ஆத்தா" என்றார். "இதப் பாத்தா சனத்துக்குப் பழசெல்லாம் ஞாபகம் வந்துருமாம்."

"உங்களுக்கு?"

"எனக்கென்ன ஆத்தா, எனக்கு மறந்தாத்தானே."

அவர் போனபிறகு கதவைச் சாத்திக்கொண்டு இதை எழுதுகிறேன். நீங்கள் இறந்து ஐந்து வருடமாகிறது. உங்களைப் பற்றி ஊருக்கு நான் எழுதிக் கொடுத்தது நிறைய. உங்களுக்கு எழுதுவது இதுதான் முதல்.

எனக்குப் பன்னிரண்டு வயதில் தாலி போயிற்று. உங்களுக்கு அப்போது இருபது. அப்பா இல்லை, கடை உங்கள் தலையில். என்னைச் சென்னைக்கு அனுப்பிப் படிக்கவைக்கப் போவதாக நீங்கள் சொன்னதும், ஊரிலிருந்து பெரியப்பா கப்பலேறி வந்து கூடத்தில் உட்கார்ந்து கத்தினார். விதவைப் பெண்ணுக்குப் படிப்பு என்ன கேடு என்றார். நான் உள்ளறையில் கதவிடுக்கில் நின்று கேட்டேன். நீங்கள் குரலை உயர்த்தவில்லை. "புருஷன் போயிட்டான். வாயாவது இருக்கட்டும் அவளுக்கு" என்றீர்கள். அவ்வளவுதான். அடுத்த மாதம் நான் சென்னை விடுதியில் இருந்தேன்.

பட்டத்தோடு திரும்பி வந்தபோது கடைத்தெருவே வேடிக்கை பார்த்தது. நீங்கள் என்னைப் "பி.ஏ. ஆத்தா" என்று கூப்பிட ஆரம்பித்தீர்கள். பெருமையா கேலியா என்று கடைசிவரை எனக்குப் பிடிபடவில்லை. பெண்கள் பள்ளிக்கூடத்தில் எனக்கு வேலை கிடைத்தது. பகலில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பேன். மாலையில் உங்கள் கடிதங்களை எழுதுவேன். உபகாரிகளுக்கு வாழ்த்துப் பத்திரம் அச்சடித்துச் சட்டம் போட்டுக் கொடுப்பது நம் ஊர் வழக்கம் அல்லவா? உங்களுக்கு வந்த வாழ்த்துப் பத்திரங்களில் மூன்றை எழுதியது நான்தான் என்பது உங்களுக்குத் தெரியும். ஊருக்குத் தெரியாது.

நீங்கள் நல்லவரா என்று யாராவது என்னைத் தனியாகக் கேட்டிருந்தால், பாதி நாள் என்றுதான் சொல்லியிருப்பேன். வண்டிக்காரர்களை மழையில் நிற்கவைத்துக் கூலிக்கு அலையவிட்டீர்கள். ஒரு தடவை ஒரு சுமைதூக்கியைக் கன்னத்தில் அறைந்துவிட்டு, மாலையில் அவன் வீட்டுக்குப் பலாப்பழம் கொடுத்தனுப்பினீர்கள். உங்கள் பலவீனம் பணமல்ல. "ஊர் பேசணும் தங்கச்சி. நல்லதாப் பேசணும்" என்பீர்கள், குழந்தை மிட்டாய் கேட்கிற முகத்தோடு. தேர்த் திருவிழா அன்று கோயிலில் முதல் மரியாதையாகத் தலையில் கட்டுகிற பரிவட்டப் பட்டுக்காக வருடம் முழுவதும் காத்திருப்பீர்கள். ஒரு முழப் பட்டுத்துணி. அதற்காக எதையும் செய்வீர்கள் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. பிறகு வேறு பலருக்கும் தெரிந்துவிட்டது.

நம் கடையின் பெயரே அந்தக் குவியலில்தான் இருந்தது. மற்ற கடைகளில் படியைத் தலைதட்டி அளப்பார்கள். நீங்கள் ஞாயிற்றுக்கிழமை தோட்டங்களிலிருந்து இறங்கி வருகிற சனங்களுக்குக் கோபுரமாய்க் குவித்துப் போடச் சொல்வீர்கள். கட்டை சில்லறை வியாபாரிகளுக்கு மட்டும்தான். "தலதட்டிப் போடுறது சாவு வீட்டுக்கு அளக்குறதுங்க. வாங்குறவங்க சபிச்சிட்டுப் போவாங்க" என்று சின்னையா சொல்வார். பசறைக்கு அப்பாலிருந்து வருகிற பேச்சாயி, மடியில் அரிசி வாங்குவதற்கு முன் அந்தக் குவியலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். ஒரு பிடி அதிகம் என்பதற்காக அல்ல. தன்னை ஒருவர் மதித்து அளக்கிறார் என்பதற்காக. பத்து மைல் நடந்து வந்தது அதற்காகவும்தான்.

அந்த நாட்களில் உங்களை ஏசுகிறவர்களும் இருந்தார்கள், புகழ்கிறவர்களும் இருந்தார்கள். அது அவரவர் அனுபவம். வண்டிக்காரன் ஏசுவான், பேச்சாயி வாழ்த்துவாள். அது நியாயம். ஜெர்மன் யுத்தம் முடிகிற காலத்தில் ஊர் இரண்டாகப் பிளந்தது. அதற்குப் பிறகு அனுபவத்துக்கு வேலையில்லாமல் போயிற்று.

ஒரு பக்கம் சங்கத்தார்: கிளாக்கர்கள், வாத்தியார்கள், சின்னக் கடைக்காரர்கள். தோட்டத்துச் சனங்களுக்குச் சட்டம் வேண்டும், நமக்கு ஓட்டு வேண்டும் என்று மனு எழுதுகிறவர்கள். வக்கீல் கந்தோரில் கிளாக்கராக இருந்த வேலாயுதம் அவர்களுக்குக் காரியதரிசி. மறு பக்கம் துரைமார் கட்சி: தோட்டங்களுக்கு ஆள் சேர்த்து வேலை வாங்கும் பெரிய கங்காணிமார், தோட்டங்களுக்குச் சாமான் போடுகிற பெரிய கடைக்காரர்கள். அவர்களுக்குக் கறுப்பையா கங்காணி தலைவர். சங்கத்துக்கு வாசகசாலைக் கட்டடத்தை நீங்கள் கொடுத்திருந்தீர்கள். தோட்டங்களுக்கு அரிசியும் நீங்கள்தான் போட்டீர்கள். கொஞ்ச நாள் இரண்டு பக்கமும் உங்களைப் பங்கு போட்டுக்கொண்டன.

பிறகு யுத்த வெற்றிக்காகத் துரைமார் கிளப்பில் தேநீர் விருந்து வைத்தார்கள். அழைப்பு வந்தது. நீங்கள் போனீர்கள். புல்தரையில் நின்று ஒரு கோப்பை டீ குடித்தீர்கள். "டீ நல்லாவே இல்ல தங்கச்சி, தண்ணியாட்டம்" என்று வந்து சொன்னீர்கள். அந்தத் தண்ணீர் டீதான் எல்லாவற்றையும் புரட்டிப் போட்டது.

ஒரே வாரத்தில் உங்கள் செருப்புக்குக் குணம் மாறியதை நான் கண்ணால் பார்த்தேன். வாரறுந்து தைத்த அதே செருப்பு. முந்தின மாதம்வரை சங்கத்தாருக்கு அது உங்கள் எளிமை, இப்போது கருமித்தனம். கங்காணிமார் பக்கம் இன்னும் வேடிக்கை. "படிச்ச பொட்டச்சிய வீட்டுல வச்சிக்கிட்டுத் திரியிறவரு" என்று இருபது வருடமாகச் சொன்ன கறுப்பையா கங்காணி, அந்த மாதம் மணிக்கூண்டுப் பக்கம் நின்று சொன்னாராம்: "தங்கச்சிய பட்டணத்துல படிக்கவச்ச மனுசன். இந்த ஊவா மாகாணத்துல வேற எவனுக்கு அந்த மனசு வரும்?" என்னை யாரும் இடையில் மாற்றவில்லை. நான் அதே பொட்டச்சிதான்.

இதையெல்லாம் பார்த்து நான் சிரித்தேன், அண்ணே. உங்களிடமும் சொல்லிச் சிரித்தேன். உங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

அதே வருடம்தான் அரிசி வராமல் போயிற்று. இந்தியாவிலிருந்து நின்றது, ரங்கூனிலிருந்து வருவதும் நூலாய் இளைத்தது. தோட்டங்களில் கொடுக்கிற அரிசியைக் குறைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் கடைக்கு முன்னால் அப்புத்தளைப் பக்கத்துச் சனம்கூட வந்து நின்றது. ஒரு மாலை நீங்கள் என்னைக் கிட்டங்கிக்குக் கூட்டிப்போய், மூட்டைகளைக் காட்டி, "எத்தன நாளைக்கு வரும், பாத்துச் சொல்லு" என்றீர்கள். அங்கேயே மூட்டைமேல் காகிதம் வைத்துக் கணக்குப் போட்டேன். குவித்து அளந்தால் மூன்று ஞாயிறு வரும். தலைதட்டினால் நான்கு வரும். நாலாவது ஞாயிறு கழிந்த வாரத்தில்தான் அடுத்த சரக்கு பண்டாரவளைக்கு வரும் என்று தந்தி வந்திருந்தது.

"தலைதட்டுங்கள் அண்ணே" என்றேன். "தலைதட்டுகிற அளவுக்கு விலையையும் குறைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் பழி வரும்."

"வெலையக் கொறைக்கவா? வாங்குற வெல எனக்கு ஏறிக் கெடக்கு, அது தெரியுமா ஒனக்கு?"

"தெரியும். ஆனாலும் குறையுங்கள்."

நீங்கள் கிட்டங்கியைப் பூட்டிவிட்டு நடந்தீர்கள். ஞாயிற்றுக்கிழமை கட்டை வெளியே வந்தது. விலை அப்படியே இருந்தது. நான் சொன்னதில் பாதியைக் கேட்டிருந்தீர்கள்.

முதல் ஆளுக்குப் படியைத் தலைதட்டுவதற்குமுன் சின்னையா உங்களைத் திரும்பிப் பார்த்தாராம். வாங்க வந்தவர்கள் சத்தம் போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது என்று பிறகு சொன்னார். ஒரு கிழவர் மட்டும் மடியைச் சுருட்டிக்கொண்டே, "எங்க வீட்டுல எழவு விழுந்துருச்சுன்னு முன்னாடியே தெரிஞ்சு போச்சாக்கும்" என்றாராம்.

திங்கட்கிழமை உங்களை அரிசித் திருடன் என்று ஏசிச் சங்கத்தாரின் துண்டுப் பிரசுரம் வந்தது. வெள்ளிக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் மண்டபத்தில் கூட்டம். இந்த வருடத் தேருக்கு உங்களுக்குப் பரிவட்டம் கட்டலாமா கூடாதா என்பதுதான் பேச்சு. நான் பெண்கள் பக்கம் தூணருகே நின்றேன்.

வேலாயுதம் எழுந்தார். "ஐயா, ஒரே ஒரு கேள்வி. ஞாயித்துக்கெழம படியத் தலதட்டி அளந்தீங்களா இல்லையா? ஆமா, இல்லைன்னு மட்டும் சொல்லுங்க."

"தட்டினேன். எதுக்குத் தட்டினேன்னு கேளுங்க" என்றீர்கள்.

"எதுக்குன்னுதான் ஊருக்கே தெரியுமே!"

"படியிலயா தட்டினாரு, நம்ம வயித்துலல்ல தட்டினாரு!" என்று பின்னாலிருந்து ஒருவன். மண்டபம் முழுவதும் சிரிப்பு.

கறுப்பையா கங்காணி மேல்துண்டை உதறிக்கொண்டு எழுந்தார், உங்களைக் காப்பாற்ற. "ஏன்டா வேலாயுதம், அவரு அரிசி, அவரு படி. தட்டினாலும் தட்டுவாரு, கவுத்தாலும் கவுப்பாரு. ஒனக்கென்னடா நோவுது? துரை கிளப்புல டீ கெடைக்கலேன்னா வாடா, நான் வாங்கித் தாரேன்!"

அவர் பக்கத்து ஆட்கள் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலோடு உங்கள் கதை முடிந்தது என்று எனக்குத் தெரிந்தது. அரிசி ஏன் தலைதட்டப்பட்டது என்று தெரிந்துகொள்ள அந்த மண்டபத்தில் ஒருவருக்கும் ஆசை இல்லை. ஒரு பாதிக்கு நீங்கள் திருடன், மறு பாதிக்கு நீங்கள் முதலாளி. திருடன் என்றவர்களைவிட முதலாளி என்றவர்கள்தான் உங்களை அதிகம் அவமானப்படுத்தினார்கள்.

அப்போதுதான் நீங்கள் கையை நீட்டி என்னைக் காட்டினீர்கள். "என் தங்கச்சி அங்கன நிக்கிறா. கணக்குப் போட்டது அவ. அவளக் கேளுங்க."

எல்லாரும் திரும்பினார்கள். வேலாயுதம் முகத்தில் ஒரு மரியாதை வந்தது. "டீச்சரம்மா சொல்லட்டும். நாங்க கேட்டுக்கிறோம். அவங்க நம்ம ஆளு" என்றார்.

அந்த நிமிடத்தில் என் தலைக்குள் இருந்ததை உங்களுக்குச் சொல்ல வேண்டும். பேசினால் இரண்டு பாதியையும் பேச வேண்டும். தலைதட்டச் சொன்னது நான், அது சரி. விலையைக் குறைக்கச் சொன்னதும் நான். குறைக்காதது உங்கள் பேராசை. முதல் பாதியைச் சொன்னால் சங்கத்தார் என்மேல் துப்புவார்கள். இரண்டாவது பாதியைச் சொன்னால் அது உங்கள் கழுத்துக்குக் கத்தி. இரண்டையும் சேர்த்துக் கேட்கிற காது அங்கே இல்லை என்று முடிவு செய்தேன். தோட்டத்துப் பெண்பிள்ளைகளுக்குச் சங்கம் திறக்கப்போகிற பள்ளிக்கூடம் என்னால் கெட்டுவிடும் என்றும் ஒரு காரணம் தேடி வைத்துக்கொண்டேன். உண்மை இவை எல்லாவற்றையும்விடச் சின்னது. "நம்ம ஆளு" என்று என்னை யாரும் அதுவரை சொன்னதில்லை. பன்னிரண்டு வயதிலிருந்து நான் யாருடைய ஆளும் இல்லை. அந்த வார்த்தை இனித்தது, அண்ணே.

"கடை விஷயம் எனக்குத் தெரியாது" என்றேன்.

நீங்கள் நீட்டிய கை உடனே இறங்கவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. பிறகு அதே கையால் மேல்துண்டைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தீர்கள். பரிவட்டம் வேறு ஆளுக்கு என்று முடிவாயிற்று.

வீடு வரும் வழியில் ஒரே ஒரு வாக்கியம் பேசினீர்கள். "மழ வருது, தலையில துணியப் போட்டுக்க."

அடுத்த ஞாயிறு விடிந்ததும் கடையிலிருந்து உங்கள் குரல் தெருக்கோடிவரை கேட்டது. "மலையாட்டம் போடு சின்னையா! இன்னைக்குக் கட்டையத் தொட்டே, கைய ஒடிச்சிருவேன்!" விலையையும் குறைத்திருந்தீர்கள். நான் ஓடிவந்து பின்வாசலில் நின்று, "அண்ணே, இப்படிப் போட்டால் அடுத்த ஞாயிறோடு தீர்ந்துவிடும்" என்றேன். நீங்கள் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தீர்கள். கோபமே இல்லாத சிரிப்பு.

"கடை விஷயம் ஒனக்குத் தெரியாதே தங்கச்சி."

என் வாழ்நாளில் யாரும் என்னை அவ்வளவு சரியாக அடித்ததில்லை.

செய்தி மலை மலையாய்த் தாவியது. பெரகல சந்தியிலிருந்துகூட ஆள் வந்தது. வழக்கமாக வருகிறவர்கள், வராதவர்கள், வாங்கி விற்கிறவர்கள் எல்லாரும் வந்தார்கள். படிமேல் படி அரிசி நின்றது. கீழே சிந்தியதைக் கோழிகள் பொறுக்கின. வேலாயுதத்தின் பிரசுரம் "மக்கள் குரலுக்குப் பணிந்தார்" என்று அச்சடித்தது. கறுப்பையா கங்காணி, "யாரும் சொல்லித் தாரவரா அவரு? எங்காளு வள்ளல்டா!" என்று கடைவாசலிலேயே நின்று சொல்லிக்கொண்டிருந்தார். நாலைந்து நாளைக்கு முன் மண்டபத்தில் அடித்துக்கொண்ட இரண்டு கூட்டமும் ஒரே காரியத்தை ஒரே வாயாய்ப் புகழ்ந்தன. அந்த வருடத்தில் நீங்கள் செய்த ஒரே முட்டாள்தனமான காரியம் அதுதான். அதைத்தான் புகழ்ந்தார்கள். இரண்டு பக்கமும் சேர்ந்து கோயிலில் பேசி, பரிவட்டத்தையும் திருப்பிக் கொடுக்க முடிவு செய்தார்கள்.

மூன்றாவது ஞாயிறு தேர். காலையில் உங்களுக்குப் பரிவட்டம் கட்டினார்கள். அந்தப் பட்டைக் கழற்றாமலே நேராகக் கடைக்கு வந்து உட்கார்ந்தீர்கள். உச்சிவேளைக்குள் கிட்டங்கி துடைத்துவிட்டது போல் ஆயிற்று.

மூன்று மணிக்குப் பேச்சாயி வந்தாள். இன்னும் நான்கு பெண்கள் கூட. பசறை வழியில் மண்சரிந்து கிடந்ததால் சுற்றி நடந்து வந்திருந்தார்கள். முழங்கால்வரை சேறு. அவள் உங்கள் தலையைப் பார்த்துக் கும்பிட்டாள்.

"ஐயா சாமி மாதிரி இருக்கீங்க" என்றாள். "மலையாட்டம் அளக்குறீங்களாம்ல? எங்க லயத்து வீடுகள்ல எல்லாரும் அதேதான் பேசிக்கிறாங்க. நமக்கும் போடுங்க."

நீங்கள் வெறும் படியை எடுத்துக் கவிழ்த்துக் காட்டினீர்கள். அவளுக்குப் புரியவில்லை. வேடிக்கை செய்கிறீர்கள் என்று நினைத்துச் சிரித்தாள். சின்னையா விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு கிட்டங்கித் தரையைக் கூட்டினார். மண்ணும் கல்லுமாய் அரைப் படிகூடத் தேறவில்லை. அதை ஐந்து மடியிலும் பிரித்துப் போட்டார். பட்டுத்துணியைத் தலையில் கட்டிக்கொண்டு நீங்கள் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். நான் உங்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கணக்கு சரியாக வந்திருந்தது. கணக்கு சரியாக வரும்போது எனக்குள் எழுகிற ஒரு சின்னத் திருப்தி அப்போதும் எழுந்தது என்பதை உங்களிடம் மறைக்க மாட்டேன்.

நாலாவது ஞாயிறு கடை திறக்கவில்லை. அதற்கு மூன்றாம் நாள் சரக்கு வந்தது. அது வந்த பிறகுதான் பேச்சாயியும் வந்தாள், தனியாக. அவர்கள் காட்டுக்கிழங்கு தோண்டித் தின்றிருக்கிறார்கள். அதை இரண்டு மூன்று தண்ணீர் மாற்றி வேகவைக்க வேண்டும். பசியில் இருந்த பிள்ளைகள் அதுவரை பொறுக்கவில்லை. அவளுடைய மகள், ஆறு வயது, ஓர் இரவும் பாதிப் பகலும் வாந்தியெடுத்துவிட்டுப் போய்விட்டது.

நீங்கள் கல்லாவிலிருந்து இறங்கி அவள் முன்னால் நின்றீர்கள். அவள் உங்களை ஏசியிருந்தால் நீங்கள் இன்னும் பத்து வருடம் இருந்திருப்பீர்கள் என்று எனக்கு இப்போதும் தோன்றுகிறது. அவள் ஏசவில்லை.

"ஐயா மேல குத்தமில்லீங்க. எல்லாருக்கும் குவிச்சுத்தானே போட்டீங்க. எங்க காலுதான் பிந்திப் போச்சு" என்றாள். பிறகு மடியை விரித்தாள்.

சின்னையா உங்களைப் பார்த்தார், குவிக்கவா தட்டவா என்று. நீங்கள் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினீர்கள். வீட்டுக்கு வந்துவிட்டீர்கள். அதன்பின் ஒரு ஞாயிறும் கடைப்பக்கம் போகவில்லை. அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் நெஞ்சு அடைத்துப் போய்ச் சேர்ந்தீர்கள். இடையில் இருந்த அந்த மாதங்களில் ஒரே கூரையின் கீழ் இருந்தோம். சாப்பாடு, வெயில், பசுமாடு என்று பேசிக்கொண்டோம். மண்டபத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. கேட்பீர்கள் என்று ஒவ்வொரு நாளும் பயந்தேன். கேட்காமல் போனதுதான் நீங்கள் எனக்குக் கொடுத்த தண்டனையா, இல்லை அதுதான் உங்கள் பாசமா என்று எனக்குத் தெரியாது. உங்களுக்கே தெரிந்திருக்காது.

உங்கள் பாடை எழும்புகிற நேரத்தில் முன்னால் போவது சங்கத்துக் கொடியா கங்காணிமாரின் மேளமா என்று தெருவில் சண்டை நடந்தது. அதற்குள் சின்னையா வாய்க்கரிசிக்கு அளந்தார். அன்று அவர் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. படியைத் தலைதட்டினார்.

இப்போது ஏன் படம் என்று கேட்பீர்கள். சட்டசபைக்கு இந்தியர் சார்பில் ஆள் நிற்கிறார். கடைத்தெரு ஓட்டு வேண்டும். எனக்கு ஓட்டு இல்லை. எழுதுகிற கை மட்டும் உண்டு. வேலாயுதம் வீட்டுக்கு வந்து படத்துக்குக் கீழே பொறிக்க இரண்டு வரி கேட்டார். "குவித்தளந்த வள்ளல்னு வரணும் டீச்சரம்மா" என்றார். தலை நரைத்துவிட்டது அவருக்கு. மண்டபத்தில் நடந்தது அவருக்கு ஞாபகமே இல்லை. பாசாங்கு அல்ல, உண்மையாகவே இல்லை. மறுநாள் கறுப்பையா கங்காணியின் மருமகன் வந்தான். அவர்கள் உங்கள் பெயரில் தண்ணீர்த் தொட்டி கட்டுகிறார்களாம். அதற்கும் இரண்டு வரி. "மாமா உங்க அண்ணன அன்னைக்கே காப்பாத்தினாருல்லங்க, அதையும் சேர்த்துக்கங்க" என்றான்.

இரண்டு பேருக்கும் எழுதிக் கொடுக்கவில்லை. படத்திறப்பில் பேசுகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

வாசகசாலையில் கூட்டம் வாசல்வரை நின்றது. இரண்டு பக்கமும் வந்திருந்தார்கள், இடையில் ஒரு நடைபாதை அளவு இடைவெளி விட்டு. எனக்கு மேடையில் நாற்காலி. எழுந்து நின்றேன். சாதாரணக் குரலில் ஆரம்பித்தேன்.

"அந்த வருடம் அண்ணன் படியைத் தலைதட்டியது என் பேச்சைக் கேட்டு. அரிசி நாலு ஞாயிறு வர வேண்டும் என்பதற்காக. அது சரியான காரியம்."

கங்காணிமார் பக்கத்தில் கைதட்டல் இடித்தது. "சொல்லுங்க ஆத்தா! நாங்க அன்னைக்கே சொன்னோம்ல!" என்றார்கள்.

"விலையைக் குறைக்கச் சொன்னேன். அவர் குறைக்கவில்லை. அது பிசகு."

சங்கத்துப் பக்கம் கைதட்டியது. ஒருவன் விசிலடித்தான்.

"பிறகு நீங்கள் எல்லாரும் ஏசியதற்காகக் குவித்து அளந்தார். அதையும் நீங்கள் எல்லாரும் புகழ்ந்தீர்கள். அந்தப் புகழில்தான் அரிசி தீர்ந்தது. பசறைக்கு அப்பால் ஒரு பிள்ளை செத்தது. கோயில் மண்டபத்தில் என்னைக் கேட்டபோது எனக்குத் தெரியாது என்று பொய் சொன்னேன். நான் பேசியிருந்தால் அவர் குவித்திருக்க மாட்டார்."

எந்தப் பக்கமும் கைதட்டவில்லை. யாரோ இருமினார்கள். வேலாயுதம் எழுந்து, சகோதர பாசத்தால் அம்மா உணர்ச்சிவசப்பட்டுவிட்டார் என்று சொல்லி, எனக்கு ஒரு மாலையைப் போட்டு உட்காரவைத்தார். செவ்வாய்க்கிழமை இரண்டு பிரசுரங்கள் வந்தன. ஒன்றில் என் பேச்சின் முதல் பாதி. மற்றதில் இரண்டாவது. மூன்றாவது எதிலும் இல்லை.

அன்று பேசியிருந்தாலும் இதேதான் நடந்திருக்கும் என்று மூன்று நாளாய் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். பாதியைப் பாதியாய்க் கிழித்துக்கொண்டு போயிருப்பார்கள், பரிவட்டமும் போயிருக்கும், ஒன்றும் மாறியிருக்காது என்று. நல்ல கணக்குத்தான். எங்கும் பிழையில்லை. ஆனால் கட்டை மேசைமேல் கிடக்கிறது. அதன் குழிவில் விரலை வைத்தால் நீங்கள் மண்டபத்தில் நீட்டிய கை ஞாபகம் வருகிறது.

போன ஞாயிறு நான் பேசிய கூட்டத்தில் முழுவதையும் கேட்க ஒருவர்கூட இல்லை. அன்று மண்டபத்தில் ஒருவர் இருந்தார். என் வாயையே பார்த்துக்கொண்டு.